ஏழாங்கட்டைக்குப் போன ஊசி

ஐயாவு என்ற மனிதருக்கு அரசாங்கம் கொடுத்த பதவியின் பெயர் அட்டெண்டன். அவர் செய்த வேலைக்குப் பெயர் எதுவும் கிடையாது. காசநோய்க்கு ஊசி போட்டுக்கொள்ள ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டு ஓடிப்போனவர்களைத் தேடிப் பிடித்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பதின்மூன்று ஆண்டு சர்க்கார் உத்தியோகத்தில் அவர் அந்த வேலையைச் செய்தது ஐந்து ஆண்டுகள்தான். அதற்குப் பிறகு செய்யவிடவில்லை. அப்படி நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

ஈப்போவிலிருந்து பத்து காஜா என்ற ஊருக்குப் போகும் சாலையில் ஒரு பழைய பலகைக் கட்டடத்தில் எங்கள் கிளினிக் இருந்தது. நான் அங்கே குமாஸ்தா. சீனிவாசன் என்று பெயர், எல்லோருக்கும் சீனி. 1973-இல் ஐயாவு வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. அதுவரை இருபது வருஷம் ஏழாங்கட்டைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில், கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் டிரஸருக்குக் கையாளாக இருந்தவர். ஆஸ்பத்திரி என்றால் எட்டுக் கட்டிலும் ஒரு மருந்து அலமாரியும்தான். கம்பெனி அந்தத் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, வாங்கிய ஐந்து முதலாளிகளில் ஒருவருக்கும் ஆஸ்பத்திரி வேண்டியிருக்கவில்லை. கட்டில்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். டிரஸர் ஊருக்குக் கப்பலேறிவிட்டார். ஐயாவுக்குச் சர்க்கார் வேலை கிடைத்தது. அதிர்ஷ்டக்காரன் என்று தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பேசிக்கொண்டார்களாம்.

என் மேசைக்கு வலப்பக்கம் ஒரு தகரப் பெட்டி இருக்கும். ஒருவர் ஊசிக்கு வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டால் அவருடைய அட்டை அலமாரியிலிருந்து அந்தப் பெட்டிக்கு வந்துவிடும். காலையில் ஐயாவு அதிலிருந்து நாலைந்து அட்டைகளை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு ஹோண்டாவில் கிளம்புவார். நாலு கார்டு போனால் ஒன்றோ இரண்டோ ஆளாகத் திரும்பி வரும்.

அந்தக் காலத்து வைத்தியம் லேசானதல்ல. முதல் இரண்டு மாதம் தினமும் ஊசி. அதற்குப் பிறகு மாத்திரையோடு வாரத்துக்கு இரண்டு ஊசி. மொத்தம் ஒன்றரை வருஷம். எல்லாமே இலவசம் என்று மூன்று மொழியில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தோம். ஊசி போடும் நேரம் காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை என்று அதற்குக் கீழே எழுதியிருந்தோம். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர்கள் அந்த நேரத்தில் காட்டில் இருப்பார்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுவைக் கொட்டகையில் ஊற்றிவிட்டு நிமிரும்போது ஒரு மணியாகிவிடும். ஊசிக்கு வந்தால் அன்றைக்கு வேலை இல்லை. இரண்டு மாதம் தினமும் வந்தால் வேலையே இல்லை.

இது எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஐயாவு கூட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்து முதலில் கத்துகிறவன் நான்தான். "ஓசியில குடுத்தா மருந்துக்கு மதிப்பு தெரியாது" என்பேன். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு பெஞ்சில் உட்காருவார்கள். ஐயாவு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மோட்டார்சைக்கிளைத் துடைக்கப் போய்விடுவார்.

1975-இல் வீரம்மாவின் அட்டை பெட்டிக்கு வந்தது. ஏழாங்கட்டையில் பால் வெட்டுகிறவள். முப்பத்திநாலு வயது. புருஷன் பிச்சைமுத்து ஈயச் சுரங்கத்தில் முதுகை உடைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தான். இரண்டு பிள்ளைகள். ஐந்து வாரம் ஊசிக்கு வந்தவள் நின்றுவிட்டாள். ஐயாவு அவளைத் தேடிக் காட்டுக்குள்ளேயே போனார். மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டதும் வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் விறுவிறுவென்று நடந்தாளாம்.

"ஓடாத வீரம்மா. நான் போலீஸ் இல்ல."

"நான் ஏண்ணே ஓடுறேன்? பால் ஒறஞ்சிரும், அதான் வெரசா போறேன்."

"அஞ்சு வாரம் போட்டுட்டு நிறுத்துனா கிருமி முன்னவிட முரடாயிரும். சொல்லியிருக்கேன்ல?"

"நாலு வாட்டி சொல்லிட்டீங்க. வேல வாங்குற மண்டோரும் சொல்லிட்டாரு. இன்னும் மூணு நாள் வரலன்னா நான் வெட்டுற மர நெறைய வேற ஆளுக்குக் குடுத்துருவாராம். ரெண்டு பேரும் சொல்றது சரிதான். நான் எதக் கேக்குறது?"

அவளே தொடர்ந்திருக்கிறாள்.

"நீங்க இந்தத் தோட்டத்துல எத்தன வருசம் ஊசி போட்டீங்க? என் கல்யாணத்துக்கு முந்தி எனக்கே போட்டிருக்கீங்க. இப்ப வெறும் அட்டைய எடுத்துக்கிட்டு வாரீங்க. அந்தப் பையில ஊசிய வச்சுக் கொண்டாந்தா நான் இங்கனயே நிப்பேன்லா."

மறுநாள் காலை ஐயாவு நேரே டாக்டர் அறைக்குப் போனார். அப்போது எங்களுக்கு டாக்டராக இருந்தவர் மெய்யப்பன். ஈப்போவில் நாலு தலைமுறையாகத் தொழில் செய்யும் செட்டியார் குடும்பம். சீமையில் படித்துவிட்டு அரசாங்கத்துக்குச் செய்ய வேண்டிய கட்டாயச் சேவைக்காக வந்திருந்தார். முப்பது வயதுகூட ஆகவில்லை. நல்லவர், நோயாளியைத் தொட்டுப் பார்ப்பவர். அந்த அறையின் கதவுக்குப் பக்கத்தில்தான் என் டைப்ரைட்டர்.

ஐயாவு சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு டாக்டர் சொன்னார்: "நீங்க சொல்றது நியாயந்தான். மேல எழுதிக் கேட்டா ஒரு வருசம் கழிச்சு இல்லன்னு பதில் வரும். நீங்க போய்ப் போடுங்க. நான் பாத்துக்கிறேன்."

"எழுத்துல ஏதாச்சும் குடுத்தீங்கன்னா, டாக்டர்..."

"எழுத்துல வேணாம் ஐயாவு. அதான் நான் சொல்றேன்ல."

பிறகு என் பக்கம் திரும்பினார். "சீனி, அங்க போடுற ஊசியையும் காலையில இங்க போட்டதா எழுதிருங்க."

சரி டாக்டர் என்றேன்.

அன்றிலிருந்து இரண்டு வருஷத்துக்கு மேல் நடந்தது அரசாங்கத்துக்குத் தெரியாத ஒரு வைத்தியம். கிளினிக்கில் கொதிக்க வைத்த கண்ணாடி ஊசிகளை ஐயாவு ஒரு பிஸ்கட் டின்னில் துணி சுற்றி எடுத்துக்கொண்டு போவார். ஒரு மணிக்கு நிறுவைக் கொட்டகைக்குப் பின்னால் சாக்குத் தடுப்பு கட்டி, பால் ஊற்றிவிட்டு வருகிறவர்களுக்கு ஊசி போடுவார். முதலில் வீரம்மா ஒருத்திதான். பிறகு பக்கத்துத் துண்டுகளிலிருந்தும் வந்தார்கள். ஒரு சமயத்தில் பன்னிரண்டு பேர் ஆனார்கள். ஒவ்வொருவரிடமும் ஊசிக்கு முன்னால் கேட்பார்: "தல சுத்துதா? காதுல எரச்சல் கேக்குதா?" அந்த மருந்து சிலருக்குக் காதைக் கெடுக்கும். கிளினிக்கில் நர்ஸ் ஒரு காலைக்குள் எழுபது எண்பது கைகளைப் பார்க்க வேண்டும். கேட்பதற்கு அவளுக்கு ஏது நேரம்?

என் தகரப் பெட்டி காலியாகிக்கொண்டே வந்தது. 1976 கடைசியில் மாநில அலுவலகத்திலிருந்து ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. மாநிலத்திலேயே நோயாளிகள் பாதியில் நிறுத்துவது குறைந்த கிளினிக்குகளில் ஒன்று என்று எங்கள் பெயரைப் போட்டிருந்தார்கள். டாக்டர் எல்லோருக்கும் மீகூன் வாங்கிக் கொடுத்தார். ஐயாவும் நின்றுகொண்டே சாப்பிட்டார். கடிதத்தில் டாக்டரின் பெயர் இருந்தது.

அடுத்த வருஷம் மெய்யப்பனின் கட்டாயச் சேவை முடிந்தது. ஈப்போவில் சொந்தமாகக் கிளினிக் திறந்துவிட்டார். எட்டு மாதமாக எங்கள் எக்ஸ்ரே இயந்திரம் பழுதாகிக் கிடந்தது. மருந்துக்கு எழுதினால் பாதிதான் வரும். அவர் போனதில் ஆச்சரியம் இல்லை. புதிய டாக்டர் தலைநகரிலிருந்து வந்தார். எதையும் சுற்றறிக்கை எண்ணைச் சொல்லித்தான் பேசுவார். ஐயாவு பிஸ்கட் டின்னோடு போய்க்கொண்டிருந்ததை அவரிடம் நாங்கள் யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

வீரம்மாவுக்கு நோய் குணமாகிவிட்டது. சளியில் கிருமி இல்லை, எடை கூடியிருந்தது. ஆனால் காது கேட்கவில்லை. முதலில் வலது, பிறகு இடதும். ஈப்போவில் காது டாக்டரிடம் போயிருக்கிறாள். அவர் பழைய அட்டையைப் பார்த்துவிட்டு, இந்த ஊசியை எங்கே போட்டுக்கொண்டாய், போடும்போது காதைச் சோதித்தார்களா என்று கூடப் போன பிள்ளை மூலம் கேட்டிருக்கிறார். அவள் நடந்ததைச் சொல்லிவிட்டாள். ஐயாவு அண்ணன், நிறுவைக் கொட்டகை, மத்தியானம் ஒரு மணி.

காது டாக்டரின் கடிதம் புதிய டாக்டரின் மேசைக்கு வந்தது. அவர் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். வீரம்மா காலையில் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டதாக என் கையெழுத்தில் நூற்றுக்கும் மேல் தேதிகள் இருந்தன. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியிடமிருந்து வந்த செக்ரோல் வருகைப் பதிவில் அதே தேதிகளில் அவள் காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

விசாரணைக்கு மூன்று அதிகாரிகள் வந்தார்கள். டாக்டர் மெய்யப்பன்தான் அனுமதி கொடுத்தார் என்று ஐயாவு சொன்னார். மெய்யப்பனுக்கு எழுதிக் கேட்டார்கள். இரண்டு வரியில் பதில் வந்தது. அப்படி எந்த அனுமதியும் கொடுத்ததாக நினைவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

அன்று எனக்கு முப்பத்தாறு வயது. இரண்டு பெண் குழந்தைகள். தலைமைக் குமாஸ்தா பதவிக்குத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். பொய்யான தேதிகள் என் கையெழுத்தில் இருந்தன. அந்த அறையில் நடந்த பேச்சைக் கேட்டாயா என்றார்கள்.

"டைப் அடித்துக்கொண்டிருந்தேன். கவனிக்கவில்லை" என்றேன்.

இந்தத் தேதிகளை எப்படி எழுதினாய் என்றார்கள்.

"ஐயாவு கொடுத்த சீட்டைப் பார்த்து எழுதினேன்" என்றேன்.

இரண்டாவது கேள்விக்கு அப்படிப் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. முதல் பொய்யோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாயைத் திறந்த பிறகு என்னைக் காப்பாற்றிக்கொள்வது எனக்கு எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஐயாவு வெளியே சைக்கிள் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சொன்ன?"

"நெனவில்லன்னேன், அண்ணே." சீட்டைப் பற்றிச் சொன்னதை அவரிடம் மறைத்துவிட்டேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"சரி. ஒனக்கும் புள்ளைங்க இருக்கு." பிறகு கேட்டார்: "நாளைக்கு அந்தப் பன்னெண்டு பேருக்கு யாரு போடுவாங்கன்னு கேட்டியா?"

நான் கேட்டிருக்கவில்லை. உள்ளே இருந்தவர்களும் அதைப் பற்றிப் பேசவில்லை.

வேலை போகவில்லை. சம்பள உயர்வை மூன்று ஆண்டுக்கு நிறுத்தி, பாகான் செராய் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியின் துணி ஸ்டோருக்கு மாற்றினார்கள். அந்த உத்தரவை டைப் அடித்தவன் நான்தான். புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டார். "ஏழாங்கட்டைக்குப் போறேன். நீயும் வா." மாட்டேன் என்று சொல்ல எனக்கு முகம் இல்லை. பின்னால் ஏறிக்கொண்டேன்.

வீரம்மா லயத்து வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து கைகளைத் துடைத்தாள். காது கேளாதவர்கள் பேசுகிற மாதிரி உரக்கப் பேசினாள். லயம் முழுக்கக் கேட்டிருக்கும்.

"டாக்டர் கேட்டாரு, நெசத்த சொன்னேண்ணே! பொய் சொல்லணும்னு எனக்கு யாரும் சொல்லித் தரலையே! நீங்க சொல்லியிருந்தா சொல்லியிருப்பேன்ல!"

ஐயாவு கையை அசைத்து, பரவாயில்லை என்று காட்டினார்.

"ஊசி நின்னு போச்சுன்னு எல்லாரும் என்னையத்தான் ஏசுறாங்க. ஒருத்தரும் மொகம் குடுக்குறதில்ல. பேசுறாங்களா இல்லையான்னுகூட எனக்குத் தெரியல!"

ஐயாவு தன் காதைத் தொட்டு, எப்போதிலிருந்து என்று சைகையில் கேட்டார். அவள் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினாள். அல்லது தாழ்த்தியதாக நினைத்துக்கொண்டாள்.

"போன தீவாளிக்கு முந்தியே. உள்ளாற சில்வண்டு மாதிரி கத்திக்கிட்டே இருந்துச்சு. நீங்க ஒவ்வொரு வாட்டியும் கேட்டீங்க. இல்லன்னேன். ஆமான்னு சொன்னா கிளினிக்குக்குத்தானே போகச் சொல்லுவீங்க. நெறை போயிரும்ல."

பிச்சைமுத்து உள்ளே கட்டிலில் படுத்தபடியே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் ஒரு வளைவில் ஐயாவு வண்டியை நிறுத்தினார். இறங்கி ரோட்டோரம் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"கேட்டா போதும்னு நெனச்சிட்டேன், சீனி. சோதிச்சுப் பாத்திருக்கணும். காதுக்குப் பக்கத்துல ஒரு கடிகாரத்த வச்சுப் பாக்கத் தெரியாதா எனக்கு? அவங்க என்மேல எழுதுன குத்தம் வேற. இது வேற. இதுல நான் குத்தவாளிதான்."

அவர் போன பிறகு அந்தப் பன்னிரண்டு பேரில் மூன்று பேர்தான் கிளினிக்குக்கு வந்தார்கள். மற்ற ஒன்பது அட்டைகளையும் நான் பெட்டியில் போட்டேன். புதிய டாக்டர் ஆண்டறிக்கையில், தோட்டப்புற மக்களின் அறியாமையே சிகிச்சை பாதியில் நிற்பதற்குக் காரணம் என்று எழுதினார். எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்தேன். ஒன்பது பேரில் பத்துமலை என்பவருக்கு இன்னும் நாலு மாத ஊசிதான் பாக்கி இருந்தது. 1979-இல் இறந்துபோனார். அவர் மனைவிக்குத் தொற்றிய கிருமிக்கு எங்களிடமிருந்த எந்த மருந்தும் கேட்கவில்லை. அவளை ஆஸ்பத்திரியில் ஏழு மாதம் வைத்திருந்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குணமாகி அல்ல.

நான் தலைமைக் குமாஸ்தா ஆனேன்.

1981-இல் என் மூத்த மகளுக்குக் காய்ச்சல் விடவே இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியின் வரிசை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் மெய்யப்பனின் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஏர்கண்டிஷன் போட்ட அறை. அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். மகளைப் பார்த்து முடித்தபின், எழுதுவதை நிறுத்தாமலே கேட்டார்:

"ஐயாவு இப்ப எங்க இருக்காரு?"

சொன்னேன்.

"இங்க வரச் சொல்லுங்க. எனக்கு ஊசி போடத் தெரிஞ்ச, நம்பிக்கையான ஆள் வேணும். அங்க வாங்குறத விட ஒரு மடங்கு சேத்தே தாரேன்."

என்னிடம் பணம் வாங்க மறுத்துவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் பஸ் பிடித்துப் பாகான் செராய் போனேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால், வயலைப் பார்த்த சின்ன குவார்ட்டர்ஸ். ஐயாவுவின் மனைவி முத்தம்மா கதவைத் திறந்தாள். என்னைக் கண்டதும் உள்ளே போய், "அந்தக் குமாஸ்தா வந்திருக்காரு" என்றாள். காப்பி வந்தது. அவள் வரவில்லை. ஐயாவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"சம்பளம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அவருகிட்ட போயி நின்னா, அவரு எழுதுன ரெண்டு வரி நெசம்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிரும்லா. இங்க நான் போர்வைய எண்ணி எண்ணி வைக்கிறேன். ஒரு போர்வைக்கும் என்னால காது போவாது."

மன்னிப்புக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். பஸ்ஸில் வாக்கியத்தைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தபோது, அது அவருக்கு இன்னொரு சுமை என்று தோன்றியது. அல்லது அப்படித் தோன்றியது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

1985-இல் எங்கள் கிளினிக்குக்குப் புதிய மருந்து வந்தது. ஒன்றரை வருஷம் ஆறு மாதமாகக் குறைந்தது. கூடவே ஒரு வேனும் வந்தது. வாரத்துக்கு மூன்று நாள் மத்தியானத்தில் நோயாளிகள் இருக்கும் இடத்துக்கே மருந்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. அப்போதிருந்த டாக்டர் நல்ல சுறுசுறுப்பானவர். பழைய பெட்டியில் கிடந்தவர்களை எல்லாம் முதலில் கண்டுபிடியுங்கள் என்றார். அட்டைகளில் இருந்த முகவரிகள் எதற்கும் உதவவில்லை. ஏழாங்கட்டையில் லயங்களை இடித்து வீடமைப்புக்கு விற்றுவிட்டார்கள். சனங்கள் ரயில் பாதை ஓரத்திலும் பழைய ஈயச் சுரங்கக் குட்டை ஓரத்திலும் பலகை வீடு கட்டிக்கொண்டு சிதறிப் போயிருந்தார்கள். வேன் இரண்டு வாரம் அலைந்துவிட்டு இரண்டு பேரோடு வந்தது.

வேறு வழியில்லாமல் ஐயாவுக்கு எழுதினேன். எட்டாம் நாள் ஒரு தடித்த உறை வந்தது. நாலு தாள், இரண்டு பக்கமும் நெருக்கி எழுதிய தமிழ். முப்பத்தொரு குடும்பம். யார் எங்கே போனார்கள், எந்தச் சந்தில் எத்தனையாவது வீடு, யார் எத்தனை மணிக்கு வேலை முடிந்து வீட்டில் இருப்பார்கள், யார் வீட்டில் இன்னும் இருமல் இருக்கிறது, யாரிடம் மருந்து என்று உரக்கச் சொல்லக் கூடாது, எல்லாம் இருந்தது. வீரம்மா பெயருக்கு நேராக, "கதவைத் தட்டினால் தெரியாது, ஜன்னல் பக்கம் போய் நிற்கவும்" என்று எழுதியிருந்தார். இத்தனை வருஷமாகத் தன் லீவு நாட்களில் பஸ் ஏறி வந்து அவர்களையெல்லாம் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். கையில் மருந்து இல்லாமல் எதற்குப் போனார் என்று எனக்குத் தெரியவில்லை. போய்க்கொண்டே இருந்திருக்கிறார்.

எனக்கென்று அதில் ஒரு வரியும் இல்லை. நலம் விசாரிப்பும் இல்லை.

அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பத்தொன்பது நோயாளிகளைக் கண்டுபிடித்தோம். பதினாலு பேர் ஆறு மாதத்தையும் முடித்தார்கள். பெட்டியில் அட்டை இருந்த வேறு ஐந்து பேர் ஏற்கெனவே இறந்துபோயிருந்தார்கள். ஐயாவு அடுத்த வருஷம் பென்ஷன் வாங்கிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். அவருடைய பழைய தண்டனை அவர் பைலில் அப்படியே இருக்கிறது. யாரும் அதை நீக்கச் சொல்லி எழுதவில்லை.

வேன் திட்டத்தைப் பற்றி மாநில அலுவலகம் விவரம் கேட்டபோது டாக்டர் ஓர் அறிக்கை எழுதினார். முகவரிகள் எங்கிருந்து கிடைத்தன என்று ஒரு கட்டம் இருந்தது. அவருக்கு அது தெரியாது, என்னை நிரப்பச் சொன்னார். ஒரு துணி ஸ்டோர் அட்டெண்டனின் பெயரைப் போட்டால் அதைப் பற்றிக் கேள்வி வரும், பழைய பைலைத் திறப்பார்கள், அதற்குள் என் சாட்சியமும் இருக்கிறது. தாளை இயந்திரத்தில் செருகி, "கிளினிக் பதிவேடு" என்று அடித்தேன்.